நான் நீட்டிய துணியை வாங்கிய கை

நம் சபையில் சாட்சி சொல்ல வருகிற நீங்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு வருகிறீர்கள். எனக்கு அது வராது. அழுதுகொண்டுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸ்தர். திருச்செந்தூர் பக்கம் பிறந்து, கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரர் தங்கராஜோடு திருப்பூருக்கு வந்தேன். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அவர் டெய்லர், நான் அவருக்குக் கைமடி. டெய்லர் தைக்கத் தைக்கத் துணியின் ஓரத்தை மடித்து அவர் கையில் கொடுத்துக்கொண்டே இருக்கும் வேலை அது. அவர் தலை நிமிரமாட்டார். கையை மட்டும் நீட்டுவார், நான் வைப்பேன். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில்கூட அது தப்பியதில்லை. "வாய்தான் பேசாதுட்டி, கை பேசும்லா" என்று கேலி செய்வார்.

போன வருஷம், இரண்டாயிரத்து எட்டு மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சபையே உபவாசம் இருந்தது. "ஆண்டவரே, இவரை என்கிட்ட திருப்பித் தாரும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று கதறினேன். தரவில்லை. நாற்பது வயதுகூட ஆகாத மனுஷன் போய்விட்டார். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தது போல இங்கே நின்று பொய் சொல்லமாட்டேன்.

துக்கம் முடிந்து கம்பெனிக்குப் போனால் எல்லாம் மாறிக் கிடக்கிறது. ஆர்டர் குறைந்துவிட்டதாம், இனி லைன் சிஸ்டமாம். வரிசையாக மிஷின், ஆளுக்கு ஒன்று. கைமடி என்ற வேலையே கிடையாது. சூப்பர்வைசர் நல்ல மனுஷன், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"அக்கா, இனிமே மிஷின்ல உக்காந்தாத்தானுங்க வேலை. சனிக்கெழமைக்குள்ள பழகிக்கோங்க. இல்லீன்னா மேல இருக்கறவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

ஒன்பதாவது படிக்கிற மகள் இருக்கிறாள். உட்கார்ந்தேன்.

மிதிக்கத் தெரியும். எத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பேன்! ஆனால் கை கேட்கவில்லை. துணியை எடுப்பேன், மடிப்பேன், தைக்காமல் வலது பக்கம் நீட்டிவிடுவேன், அவர் வாங்குவார் என்று. வாங்க ஆளில்லை. பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க இதே கதை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்ரூமில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு ஆண்டவரோடு சண்டை போட்டேன். "மனுஷனை எடுத்துக்கிட்டீர். இந்தக் கையையும் வெறுங்கையாவா விடுவீர்? யாரையாவது வாங்க வையும்!" இதை ஜெபம் என்று சொல்லலாமோ என்னவோ. எனக்கு வேறு வரவில்லை.

முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மடித்தேன். பாழாய்ப்போன கை மறுபடியும் நீண்டது. இந்த முறை யாரோ துணியை வாங்கினார்கள்.

பக்கத்து மிஷின் பாத்திமா அக்கா. அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் தையலை நிறுத்திவிட்டு, அந்தத் துணியை என் மிஷின் ஊசிக்கடியில் வைத்து, என் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தார். "மிதி கண்ணு" என்றார். மிதித்தேன். அடுத்த துணிக்கும் கை நீண்டது. வாங்கினார், வைத்தார். சாயங்காலம் வரை முகம் சுளிக்கவில்லை. அவருடைய டார்கெட்தான் போனது.

"உங்க வேலைய விட்டுட்டு எனக்கு ஏங்க்கா இப்படி?" என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு மவுத்தானப்ப, நானும் ரொம்ப நாளு ரெண்டு டம்ளர்ல டீ ஊத்தீட்டு இருந்தனுங்க."

அங்கேயே, எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை வந்த துணியில் பாதியை நானே ஊசிக்கடியில் வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் "போதுமுங்க்கா, திங்கக்கெழம வந்துருங்க" என்றார். மகள் இப்போது பத்தாவது.

நான் கேட்டது என் மனுஷனை. கர்த்தர் தரவில்லை. அடுத்துக் கேட்டதைத் தந்தார். அதற்கு ஆளையும் நம் சபையிலிருந்து அனுப்பவில்லை, அது அவர் இஷ்டம். அவருக்கு ஸ்தோத்திரம். ஆளை இழந்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களே, ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சண்டையாவது போடுங்கள். கேட்கிறார். நான் கண்டேன்.

இப்போதும் உடம்பு அசந்த நாளில் என் கை வலது பக்கம் நீண்டுவிடும். பாத்திமா அக்கா தலை நிமிராமல், என் வீட்டுக்காரரைப் போலவே, கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்கிறார்.