‘உப்புக் கால்சட்டை’யின் கடைசிப் பக்கம்

சாமுவேல் ஐயா இறந்த செய்தி, நான் அடித்துக் கொடுக்க வேண்டிய வேலையாகத்தான் என்னிடம் வந்தது. அஞ்சுகிராமத்தில் நான் வேலை பார்க்கும் டிடிபி கடைக்கு அவருடைய மகள் படத்தோடு வந்து, அடக்க அறிவிப்பு வேண்டும் என்றார். பெயரை இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு முட்டத்தில் இருக்கும் சூசை தாத்தாவுக்குப் போன் செய்தேன்.

“உள்ளதாட்டி? நெசந்தானா?” என்றார். “என்னையே ஒருக்கக் கொன்னவனாக்கும் அவன். நேர்ல பாக்காம நம்பமாட்டேன்.”

சூசையை உங்களுக்குத் தெரியும். ஐயாவின் ‘உப்புக் கால்சட்டை’ கதைகளை வாசித்த எல்லாரும் அவருக்காக அழுதவர்கள்தான். சபை உபதேசியாரின் மகனுக்கும் கடற்கரைப் பையனுக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்ட சிநேகம். மகன் கடலுக்குப் போனானா என்று கால்சட்டையில் உப்பு தேடும் அப்பா. கடைசிக் கதையில், முட்டத்துப் பாறையிலிருந்து சூசையை அலை கொண்டுபோகும். கதை சொல்லும் பையன் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டுவான். பலன் இருக்காது.

அந்தக் கதைகளை அடித்தவள் நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்பதால் ஐயாவுக்கு என்மேல் சந்தேகம். மர அடிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து, திரையில் ஒவ்வொரு வரிக்குக் கீழும் வைத்து, வாய்விட்டு வாசிப்பார். “நான் எழுதுனத மட்டும் அடி பிள்ளே. சரியாக்கிராதே” என்பார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

எனக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. மற்ற கதைகளில் சூசையின் முழங்காலில் எத்தனை வடு என்பதுகூட உண்டு. கடைசிக் கதையில் கோயில் மணி இல்லை, அடக்கம் இல்லை, அழுகிற அம்மா இல்லை. இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “இவர எங்க அடக்குனாங்க ஐயா?” என்று கேட்டேன். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, “ஒங்கிட்ட சூதானமா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் வந்து பல மாதங்கள் கழித்து, லுங்கிச் சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் கடைக்குள் நுழைந்தார். பேத்தி வாசித்துச் சொன்னாளாம். புத்தகத்தின் பின்பக்கத்தில் எங்கள் கடை விலாசம் இருந்திருக்கிறது.

“இதுல நான் செத்துட்டேனாமே? யாருட்டி அடிச்சது?”

ஐயாவை வரவழைத்தேன். அவர் நம்பவில்லை. “கதைய வாசிச்சிட்டு யாரும் சூசைன்னு வரலாம். அதுல இல்லாததச் சொல்லும்” என்றார்.

“ஒனக்க கால்சட்டைய ஊத்துத் தண்ணில அலசி, நானே போட்டுட்டு வெயில்ல ஓடிக் காயவைப்பேன். அதுவரைக்கும் நீ சாக்கைச் சுத்திக்கிட்டு தாழைக்குள்ள நிப்ப. ஒங்கப்பன் உப்பக் கண்டுபிடிச்சது நான் இல்லாத அன்னைக்கு மட்டுந்தான்.”

ஐயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ கூப்பாடும் போடல்ல, ஆளையும் கூட்டல்ல. ஏம்லே ஓடுன?”

“பயந்துட்டேன்லே.”

அந்த வாரமே ஐயாவின் அப்பாவுக்கு மாற்றல் வந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. விசாரித்தால் என்ன காதில் விழுமோ என்று, பிறகு முட்டம் பக்கமே போகவில்லை.

“அத எழுதியிருக்கலாம்லா?” என்றார் சூசை தாத்தா.

இரண்டாம் பதிப்புக்காக ஐயா கடைசிப் பக்கத்தைத் திருத்திக் கொண்டுவந்தார். ‘கூப்பாடு போட்டேன்’ என்ற இடத்தில் ‘ஓடினேன்’ என்று இருந்தது. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. “அவன் எப்பிடிக் கரையேறுனான்னு எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வருவான். அவன் சொல்லச் சொல்ல அடிச்சிரு” என்றார். அடிக்கோலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா, தெரியாது. வியாழக்கிழமை அவருடைய மகள் படத்தோடு வந்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சூசை தாத்தா பெட்டியின் அருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். “உள்ளதுதான்” என்றார்.

மறுநாள், சொன்னபடியே கடைக்கு வந்தார். ஐயாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அலை தன்னை எங்கே கொண்டுபோட்டது என்பதிலிருந்து எல்லாம் சொன்னார். அடித்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் சொன்னதுதானா இதுல இருக்கு? அவனுக்க ஆளுல்லா நீ.”

அடிக்கோல் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தேன். யார் முன்னாலும் சத்தமாக வாசித்திராத நான், வரிவரியாக, வாய்விட்டு வாசித்துக் காட்டினேன்.