சத்தத்துக்கு முந்திய கை

லேசான பக்கவாதம் வந்து என் வலது கை மக்கர் பண்ண ஆரம்பித்தபோது, எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பட்டறையில் நான் ஓட்டிக்கொண்டிருந்த, தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷின் திரும்பக் கிடைக்குமா? உயிர் பிழைத்ததற்காகச் சந்தோஷப்படும் வேலையை என் மனைவியிடம் விட்டுவிட்டேன். அவளும் அதைக் குறைவில்லாமல் செய்தாள். தெருவில் யார் விசாரித்தாலும் உட்காரவைத்து முழுக்கதையும் சொல்லித்தான் அனுப்பினாள்.

நடக்க வைத்ததோடு பிசியோ முடிந்தது. சட்டைக்குப் பித்தான் போட, சோறு பிசைய, பழைய வேலைக்குத் திரும்ப, ஆக்குபேஷனல் தெரபி என்று தனியாக ஒன்று இருக்கிறதாம். திருவள்ளூரில் ஒரு மாடியில் சின்ன கிளினிக். தெரபிஸ்ட் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண், என் மகள் வயது இருக்கும். முதல் நாளே என் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"டக்குனு ஒரு சத்தம் வந்துக்கினே இருக்கும் அங்கிள். கரெக்டா அதோட சேர்ந்து கை தட்டணும். அவ்ளோதான்."

கை தட்டுவதற்கா கடம்பத்தூரிலிருந்து ரயில் ஏறி வந்தேன் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. சத்தத்தோடு சேர்ந்து அசையப் பழகினால் மூளையும் கையும் மறுபடி ஒத்துப்போகும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எதிரே ஒரு திரை. சரியாகத் தட்டினால் பச்சை, தாமதமானால் நீலம், முந்தினால் சிவப்பு. எனக்குச் சிவப்பாகவே வந்தது. நல்ல கையான இடது கையால் தொடையில் தட்டச் சொன்னாள். அதுவும் சிவப்பு. அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதைதான்.

"எல்லாருக்கும் லேட்டாதான் வரும். உங்களுக்கு நல்ல கைகூட ஏன் முந்துது?" என்று அவள் குழம்பிப்போனாள்.

மூலையில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி வாயைத் திறந்தாள். "அது மெஷினுக்கு பயந்துக்கினு ஓடுற கைம்மா. ஊட்ல பீரோ கதவ சாத்துனாகூட வெடுக்குனு இழுத்துக்குவாரு."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. பிரஸ் ஓடும்போது தகட்டை வைத்த கை உடனே வெளியே வந்துவிட வேண்டும். பிறகுதான் 'டங்' என்று மேல்பாகம் இறங்கும். அந்தச் சத்தம் கேட்கும்போது கை உள்ளே இருந்தால், அப்புறம் கை இல்லை. இத்தனை வருஷமும் சத்தத்துக்கு முந்தி முந்தித்தான் என் விரல்களைக் காப்பாற்றி வைத்திருந்தேன். எங்கள் பட்டறையில் முழு விரல்களோடு இருக்கும் ஒரே பழைய ஆபரேட்டர் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

தெரபிஸ்ட் கொஞ்சம் யோசித்தாள். "ஆன்ட்டி, இங்க வாங்க. அங்கிள் எதிர்ல உக்காந்து கைய நீட்டுங்க. அங்கிள், இனிமே உங்க கையில தட்ட வேணாம். ஆன்ட்டி கையில தட்டுங்க."

எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு பேர் எதிரில் நாங்கள் கையைத் தொட்டுக்கொண்டதே இல்லை. ரயிலில்கூட அவள் லேடீஸ் பெட்டியில் ஏறிவிடுவாள். "இன்னாயா இது, சின்னப் புள்ளைங்களாட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினாள். பூண்டு வாசம் அடிக்கும் கை. அதைப் பார்த்து ஓட என் கைக்கு எந்தக் காரணமும் இல்லை. முதலில் தயங்கியது, அப்புறம் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. முதல் பச்சை விழுந்தபோது தெரபிஸ்ட் பெண்ணே குஷியாகிக் கை தட்டினாள். தாளமே இல்லாமல் தட்டுகிறாய் என்று அவளைக் கிண்டல் செய்தேன். நோய் வந்தபின் நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று என் மனைவி சொல்கிறாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் போனில் டக் டக்கை ஓடவிட்டு, வீட்டிலும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டினோம். பித்தான் போட வந்தது. சோறு பிசைய வந்தது. இனி பட்டறைக்குப் போய், மெஷினைத் தொடாமல் சும்மா நின்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள் தெரபிஸ்ட்.

நன்றாகத் துவைத்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். "வாண்ணே, உன் மெஷின் உனுக்குதான்" என்றான். ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸுக்குத் தள்ளி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றேன். டங். என் வலது கை அசைந்தது. டங். மறுபடியும். பின்னால் போகவில்லை. சத்தத்தோடு சேர்ந்து, ஒரு நூல் பிசகாமல், முன்னால் போய் வெறும் காற்றைத் தட்டியது. கிளினிக் திரையில் என்றால் எல்லாம் பச்சைதான். பிரஸ் முன்னால் என்றால், டங் என்று இறங்கும்போது கை உள்ளே இருந்திருக்கும்.

"எனுக்கு பிரஸ் வேணாம்பா. பேக்கிங்ல போடு."

"பேக்கிங்கா? இன்னாண்ணே, அது லேடீஸ் செக்ஷனு."

"இருந்துட்டு போவட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர மனசு ஆறவில்லை. ரயிலில் வரும்போது அந்தக் கையைப் பார்க்கவே கோபமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேற்றியதே அந்த மெஷினுக்காகத்தானே.

வீட்டில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டினாள். போனும் ஓடவில்லை, டக் டக்கும் இல்லை. தட்டினேன்.

தட்டிய கையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி வருசம் நீ மட்டும்தான்யா வேலை முடிஞ்சி வருவ. இன்னிக்குதான் உன் கையும் ஊட்டுக்கு வந்துகீது."