சீராக வந்த கியர் பாக்ஸ்

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவளுக்கு ஒரு வேலையும் வைக்காத வண்டியில் உட்கார்ந்தால், யாரோ ஓட்டுகிற பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். என் கணவர்தான் ஆசைப்பட்டு அப்படி ஒன்றை வாங்கினார். அவர் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். செகண்ட் ஹேண்ட் என்றாலும் புது மாடல், பெரிய எஞ்சின், மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மெயின் ரோட்டில் அது சூரப்புலிதான். ஆனால் என் பிழைப்பு மெயின் ரோட்டில் இல்லையே. உடையார்பாளையத்தைச் சுற்றியிருக்கும் தோப்புகளில் முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிறவள் நான். செம்மண் மழையில் ஊறிக் கிடக்கும்போது எந்த கியரில் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்த வண்டிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு யோசித்து, தப்பான கியரைப் போட்டு, சேற்றில் உட்கார்ந்துவிடும்.

அதற்கு முன் நான் வைத்திருந்தது அதே கம்பெனியின் பழைய மாடல். கையால் கியர் போடுகிற வண்டி. ஒரு நாள் ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீக்கடையில் நின்றபோது, சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த டிப்பர் ஒன்று பின்னாலிருந்து இடித்து அதை நசுக்கிவிட்டது. பாடி போயிற்று, ஆனால் கியர் பாக்ஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விற்க மனசு வராமல், வண்டியை அப்படியே இழுத்துக்கொண்டுபோய் அண்ணன் பட்டறையில் போட்டு வைத்திருந்தேன்.

அண்ணன் பட்டறை பாடாலூரில், திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவன் ஒருத்தன்தான். புகுந்த வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசுகிறேன் என்றால் அந்தத் தைரியத்தில்தான்.

புது வண்டியின் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஒரு நாள் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

"உன் பழைய பாக்ஸத் தூக்கி இதுல வச்சிருவோம் பாப்பா," என்றான். நாற்பது தாண்டியும் நான் அவனுக்குப் பாப்பாதான். "ரெண்டும் ஒரே கம்பெனி எஞ்சினு. அப்படியே போய் உக்காந்துரும்."

"நெசமாவே ஆவுமாண்ணே?"

"ஆவாம என்ன. நான் எதுக்கு இருக்கேன்?"

அப்படியே போய் உட்காருகிற வேலையா அது? கிளட்சுக்கு ஒரு பெடல் புதிதாக வைக்க வேண்டும். லீவர் வருகிற இடத்தில் தரையை வெட்ட வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர், ஆட்டோமேட்டிக் பாக்ஸ் இன்னும் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். அது இல்லை என்று தெரிந்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஒரு வயரை மாற்றிக் கொடுத்து அதை ஏமாற்ற வேண்டும். அண்ணன் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான், நானும் சிரித்தேன்.

கூடவே நின்று பார்க்க எனக்கு ஆசை. விரட்டிவிட்டான். "நீ பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது. வூட்டுக்குப் போ, உனக்கே தலைக்கு மேல வேல கெடக்கு."

வேலை கிடந்தது உண்மைதான். மகள் பெரியவளாகியிருந்தாள், சடங்குக்கு நாள் குறித்தாயிற்று. கூலி என்ன ஆகும் என்று நான் கேட்டதும் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "தாய்மாமன் நான். இதுவும் சீருல சேத்தி," என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சடங்கன்று மேளத்தோடு வந்தான். முன்னால் அந்த வண்டி, பானெட்டில் ரோஜா மாலை, பின்னால் முழுக்கச் சீர்த்தட்டுகள். அவனே ஓட்டிவந்து மண்டப வாசலில் நிறுத்தினான். என் கணவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நாத்தனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் சீராக வந்ததைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. புடவையில் இழை ஓடியிருக்கலாம், பாத்திரம் லேசாக இருக்கலாம். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைக்க வேண்டும், அவ்வளவுதான். உரசிப் பார்த்தால் பிறந்த வீட்டையே சந்தேகப்பட்டாள் என்று பேச்சு வரும். வேறு எந்தப் பட்டறையிலிருந்து வந்திருந்தாலும் அடியில் படுத்துப் பார்க்காமல் சாவியை வாங்கியிருக்க மாட்டேன். இதற்கு நான் சந்தனம் பூசி ஆரத்தி எடுத்தேன்.

தோப்புக்குள் பாரம் ஏற்றிக்கொண்டு போன முதல் தடவையே மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலில் வந்து விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. கையால் லீவரை அழுத்திப் பிடித்தபடியே ஊர் வந்து சேர்ந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டால், "ஆட்டோமேட்டிக் ஓட்டிக் கெட்டுப்போன காலு உன்னுது. கிளட்ச முழுசா மிதிச்சுப் பழகு, சரியாயிடும்," என்றான். நான் நம்பினேன். வருஷக்கணக்காக அதே பாக்ஸை ஓட்டினவள், கோளாறு என் காலில்தான் என்று நம்பினேன் பாருங்கள்.

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. "சீர் வண்டி இன்னிக்கும் அழுவுதா?" என்பார்.

"எங்கண்ணன் வேலையில குத்தம் சொல்லாதீங்க. உங்க வீட்டாளுங்க ஒரு டயராச்சும் வாங்கிக் குடுத்தாங்களா?" என்று கிழித்துத் தொங்கவிடுவேன். சண்டையில் அன்றைய சோறு ஆறிப்போகும்.

இப்படியே பல மாதம் ஓடிற்று. அப்புறம் பெரம்பலூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வேன் உள்ளே வர முடியாமல் நின்றது. வழியை அடைத்திருந்தது அண்ணனின் வண்டி. அதுவும் என் பழைய மாடலேதான். என் வண்டி பட்டறையில் கிடந்த சமயத்தில்தான் அதை வாங்கிச் சரிசெய்து, கோயில் ட்ரிப்புக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். அவன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். இலைகளுக்கு நடுவிலிருந்து சாவியை என்னிடம் நீட்டினான். "பாப்பா, நம்ம வண்டியக் கொஞ்சம் பின்னால எடுத்து விடு."

ஏறி உட்கார்ந்தேன். என் பழைய பாக்ஸில் ரிவர்ஸ் நேராக விழாது. முதலில் இரண்டாவது கியரை லேசாகத் தொட்டுவிட்டு, அப்புறம்தான் ரிவர்ஸுக்குப் போக வேண்டும். அதுவும் சும்மா விழாது, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு வேண்டும். சீராக வந்த வண்டியில் இந்தத் தொந்தரவு இல்லாததை, அண்ணன் சரிசெய்துவிட்டான் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். நான் நினைக்கவே இல்லை. கை தானாக இரண்டைத் தொட்டது, போயிற்று, தட்டிற்று. வெண்ணெய் மாதிரி விழுந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பட்டுப்புடவையோடு தரையில் படுத்து அடியில் தலையை விட்டேன். முன்பொரு முறை முந்திரிக் கட்டை இடித்து என் பாக்ஸின் அடிப்பக்கம் விரிசல் விட்டு, உடையார்பாளையத்தில் கோணல்மாணலாக வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தழும்பு என் முகத்துக்கு நேரே இருந்தது. அவன் வண்டியின் தேய்ந்த பாக்ஸுக்கு மாலை போட்டு என் வாசலில் நிறுத்திவிட்டு, என்னுடையதை அவன் வைத்துக்கொண்டான்.

அதைவிட மோசம், சாவியை அவனே என் கையில் கொடுத்தானே. செய்தது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

கை கழுவ வந்தவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "உன் வண்டியில இருக்கிறது யாரு பாக்ஸுண்ணே?"

என் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான்.

"எனக்கு லாங் ட்ரிப்பு பாப்பா. பாதி வழியில நின்னா வாடகைக்காரன் விடுவானா? நீ தோப்புக்குள்ளதானே ஓட்டுற."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"சீருன்னு குடுத்தா நீ கெளறிப் பாக்க மாட்டேன்னு நெனச்சேன்," என்றான். தலையைச் சொறிந்தான். "இப்ப என்ன, கழட்டி மாத்தித் தந்துட்டாப் போச்சு."

மாற்றித் தருவானாம். எதை மாற்றித் தருவான்? அவனுக்காக நான் போட்ட சண்டைகளை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? என் நம்பிக்கை எங்கே கண்ணை மூடிக்கொள்ளும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, சரியாக அந்த இடத்தில் கை வைத்தவன் அவன். வேற்றாளுக்கு அந்த இடம் தெரியாது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் கணவர் ஏன் புடவையில் மண் என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றேன்.

போன வாரம் வண்டியை அரியலூரிலேயே முன்பின் தெரியாத ஒரு பட்டறையில் விட்டேன். அந்த மெக்கானிக் பாக்ஸை இறக்கி, மூடியைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பல்லெல்லாம் தேஞ்சு கெடக்குங்க. மாட்டும்போதே இப்படித்தான் இருந்திருக்கும், தெரிஞ்சே மாட்டியிருக்காங்க. யாருங்க அது, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோங்க," என்றேன். "நமக்குச் சொந்தமெல்லாம் இல்ல."