மாதிரிக் கையெழுத்து

என் அம்மாவுக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'. நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டாள், பெருமைப்பட்டிருப்பாள். ஒரு வங்கியின் பின்னறையில் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்து உட்கார்ந்து முப்பத்திரண்டு வருடம் ஒரே வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் கணக்கு ஆரம்பித்த அன்று ஓர் அட்டையில் மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். பிறகு அவர் எதில் கையெழுத்துப் போட்டாலும் அது அந்த அட்டையோடு பொருந்துகிறதா என்று அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆளைப் பார்க்காதே, கையைப் பார் என்பது அவள் சட்டம். முகம் மீசை வைக்கும், எடுக்கும், பொய்ச் சிரிப்புச் சிரிக்கும். கைக்கு அந்த நடிப்பெல்லாம் வராது என்பாள். ஒரு முறை மேனேஜரின் கையெழுத்தையே சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினாள். அவர் எழுந்து வந்து, "நான்தான் போட்டேன், இதோ நிக்கிறேனே" என்றாராம். நிற்பது யார் என்பது தனக்கு வேண்டாம், அட்டையில் உள்ள மாதிரி போட்டுக் காட்டுங்கள் என்று இவள் சொல்ல, மனிதர் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார். இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இன்றைக்கு அதை யாரும் எடுப்பதில்லை.

ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் அவளுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் தன் தங்கை வீட்டுக்குப் போகும் வழி. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது ஏறுகிற படி இல்லை, இறங்குகிற படிதான் என்றார். அப்பாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. புரியாதது போல இருந்தார் என்றும் சொல்லலாம்.

ஒரு நாள் காலை அப்பா பால் வாங்கப் போய்த் திரும்பினால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். யார் நீங்கள் என்று கேட்டாள் அம்மா. அப்பா வாழ்நாளெல்லாம் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர், கண்டவர் வாசலில் நின்று 'நான் யார்' என்று சொல்லிப் பழகியவர். ஆனால் சொந்த வாசலில் சொல்லிப் பழக்கமில்லை. பேர் சொன்னார், கல்யாணமான வருடம் சொன்னார், என் பேரையும் சொன்னார். கதவு அசையவில்லை. கடைசியில் என்ன தோன்றியதோ, பால் ரசீதின் பின்புறம் கையெழுத்துப் போட்டுக் கதவுக்கு அடியில் தள்ளினார். அம்மா கல்யாணப் பதிவுத்தாளின் நகலை எடுத்து, லென்ஸ் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தாள். "என்னங்க, பால் வாங்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டாளாம்.

அப்பா இதைப் போனில் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தோம்.

அதன் பிறகு அதுவே தினசரி வழக்கம் ஆயிற்று. காலையில் எழுந்ததும் அம்மா மேஜை முன்னால் உட்காருவாள். அப்பாவுக்கென்று வங்கியில் இருப்பதைப் போலவே ஓர் அட்டை எழுதி, மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள். அவர் எதிரே நின்று ஒரு தாளில் கையெழுத்திடுவார். நீளமான வால் இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைக்கும் கையெழுத்து. அவள் பார்ப்பாள், தலையாட்டுவாள். அந்த நொடியில் அவர் அவளுடைய புருஷன். அன்று முழுக்க அவர் வீட்டில் இருக்கலாம், அவளோடு சாப்பிடலாம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கலாம். ஒன்றே கால் வருடம் இப்படி ஓடிற்று. அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு மூன்றாம் நாள் திரும்பியவரை அம்மா உள்ளே விடவில்லை. அதுவரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா என்ன சொல்லியும் கேட்கவில்லை. அப்பா இடது கையால் போட்டுக் காட்டினார். கோழி கிளறியது போல இருந்தது. அம்மா கதவைச் சாத்தினாள்.

நான் ஊரிலிருந்து ஓடி வந்தபோது அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, அவர் கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டேன். வாலும் புள்ளியும் அச்சு அசல்.

"இதை எப்படா கத்துக்கிட்ட?" என்றார்.

"எட்டாவதுல. ரேங்க் கார்டுக்கு."

அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

தாளை உள்ளே தள்ளிவிட்டு அப்பாவை முன்னால் நிறுத்துவது திட்டம். ஆனால் அம்மா இந்த வேலையில் புலி. கதவைச் சங்கிலி நீளத்துக்குத் திறந்து, தன் கண் முன்னால் போட வேண்டும் என்றாள். அப்பாவின் கையில் மாவுக்கட்டு. வேறு வழி தெரியாமல் நான் போட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சங்கிலியை எடுத்தாள்.

"வாங்க. எங்க போயிட்டீங்க மூணு நாளா?" என்றாள், என்னிடம்.

அவள் கண் என் தோளைத் தாண்டி அப்பாவிடம் போனது. இவர் யார் என்று கேட்டாள். எப்படியாவது அவரை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டு வேலைக்கு உதவிக்குக் கூட்டி வந்த ஆள் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதை மட்டும் திருப்பி எடுக்க முடிந்தால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து அங்கேயே தங்கினேன். காலையில் நான் கையெழுத்துப் போடுவேன். பகலில் அம்மா என்னிடம், "என்னங்க, பையன் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டானா?" என்று கேட்பாள். வந்துவிட்டான், விளையாடப் போயிருக்கிறான் என்பேன். என்னைப் பெற்றவளிடம் என்னைப் பற்றிப் பொய் சொல்லிச் சொல்லி, சில சமயம் நானே அந்தப் பையன் வருகிறானா என்று வாசலைப் பார்த்திருக்கிறேன். அப்பா சமையலறையில் இடது கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்கள் என்று ஒரு நாள் அம்மா அவரைப் பாராட்டினாள்.

கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. அப்பா எதிர்வீட்டில் உட்கார்ந்து, தன் பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு நோட்டு நிறைய எழுதிப் பழகினார். தன் கையெழுத்தையே கள்ளக் கையெழுத்தாகப் போடக் கற்றுக்கொள்ள வேண்டிய கதி வேறு யாருக்கும் வர வேண்டாம்.

ஒரு காலை சட்டை மாற்றி, தலை சீவி, மேஜை முன்னால் வந்து நின்றார். போட்டார். எனக்குப் பார்க்க வித்தியாசம் தெரியவில்லை. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இது போட்ட கையெழுத்து இல்லீங்க. பாத்து வரைஞ்சது" என்றாள்.

குரலில் கடுமை இல்லை. அப்பா தலை குனிந்து நின்றார். பிறகு, கை ஒடிந்தவர்களுக்கு வேறு வழியே கிடையாதா என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு. புது அட்டை போடலாம். ஆனா உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்." என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இவரை உங்களுக்குத் தெரியுமா?"

இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"தெரியும். எங்கப்பா" என்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "உங்கப்பா நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாரே" என்றாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, சுவரோடு ஒண்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இரண்டு திருடர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவளின் பயம் அது. அவள் கை கதவுத் தாழ்ப்பாளைத் தேடியது.

அப்பாதான் முந்திக்கொண்டார். "அப்பா மாதிரின்னு சொல்ல வர்றாரும்மா. பயப்படாதீங்க. நான் வேலைக்கு வந்த ஆள்."

தாழ்ப்பாளைத் தேடிய கையை அவள் இறக்கினாள். பிறகு உட்கார்ந்து, ஒரு புது அட்டையை எடுத்து வைத்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அப்பா ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. யாருடையதோ ஒரு பெயரை எழுதி, அதே பெயரைக் கோணல் கையால் கையெழுத்தாகவும் போட்டார்.

அம்மா அட்டையை என்னிடம் தள்ளினாள். சாட்சி இடத்தைச் சுட்டிக் காட்டினாள். அவள் லென்ஸோடு குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் நீளமான வால் இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்தேன். இந்த ஆள் அவள் புருஷன் இல்லை, வேலைக்கு வந்தவர்தான் என்று அவளுக்கு என் அப்பாவின் கையெழுத்தே சாட்சி சொல்லிவிட்டது.

"சரியா இருக்கு" என்றாள் அம்மா. அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "தினம் காலைல இதே மாதிரி போடணும். மாறக் கூடாது."

"மாறாதும்மா" என்றார் அப்பா.