கண் மூடாமல் தின்றது

பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் பதினெட்டு வருஷமாகக் குழம்பு கிண்டுகிறவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பேர் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடுகிற நாளில் மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவள் கரண்டியக்காதான். எதிரே பலகை போட்டு உட்கார்ந்து காய் நறுக்குகிறவளுக்குக் கத்தி என்று பேர். கையில் இருப்பதை விட நாக்கில் இருப்பதுதான் கூர்மை என்று விடுதிப் பிள்ளைகள் வைத்த பேர். இந்த இரண்டு பேரையும் நம்பித்தான் அங்கே நூற்றிருபது வயிறுகள் இருந்தன.

கரண்டியக்கா சாமி பயம் உள்ளவள். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கண்ணை மூடி நன்றி சொல்லாமல் ஒரு பருக்கையைத் தொடமாட்டாள். யாராவது பிஸ்கட் நீட்டினாலும் அப்படித்தான். "ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவு நேரமா? உள்ள இருக்கிற சர்க்கரையை எண்ணுறியா?" என்று கத்தி கேலி பண்ணுவாள். கரண்டியக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து முறைத்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்வாள்.

அவளுக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். நாற்பத்திரண்டு வயதில் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தவன், அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினோடு கட்டிப்போட்ட மாதிரி நான்கு மணிநேரம் படுத்துக் கிடக்கிறான். வேறு வழி என்ன என்று டாக்டரைக் கேட்டபோது, கூடப் பிறந்தவர்கள் ஒன்றைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார். "நான் தர்றேன்" என்று கரண்டியக்கா பட்டென்று சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை. அவளுடைய வீட்டுக்காரர்கூட, "உன் தம்பி, உன் உடம்பு, நான் என்ன சொல்ல" என்று விட்டுவிட்டார்.

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் யோசனை வந்தது. பரிசோதனைகள் ஒரு வாரம் நடந்தன. முருங்கைக்காயைக் கத்தி நறுக்குகிற சத்தத்தைக் கேட்டாலே இடுப்புக்கு மேலே ஓர் இடம் சில்லென்று ஆகும். ரத்தம் ஒத்துப்போனது. மற்றதெல்லாமும் ஒத்துப்போனது. ஒவ்வொன்றாக ஒத்துப்போக ஒத்துப்போக அவளுக்குப் பயம் ஏறியது. கடைசியில் எடை மிஷினில் ஏற்றினார்கள். எண்பத்து நான்கு.

"இந்த எடையில செய்ய முடியாதும்மா. உங்களுக்கு ஆபத்து. எழுபத்தஞ்சுக்குக் கீழ வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அந்த நேரத்தில் அவள் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அது ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வீங்கிய காலோடு, அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கை தோளில் இருக்கும்போதே தனக்கு இப்படி ஒரு நிம்மதி வந்ததே என்பதை அவளால் அதற்கப்புறம் மறக்க முடியவில்லை.

மறுநாளே நடக்க ஆரம்பித்தாள். விடுதிக்குப் பின்னால் விளையாட்டு மைதானம். அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் ஆறு சுற்று. ஒரு பிள்ளை தன் பழைய கான்வாஸ் ஷூவைக் கொடுத்தது. முன்பக்கம் கொஞ்சம் துணி அடைத்துப் போட்டுக்கொண்டாள். மாடி ஜன்னலிலிருந்து, "கரண்டியக்கா, பரிசு வாங்கினா எங்களுக்கும் பங்கு!" என்று பிள்ளைகள் கத்தும். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் சாப்பிடுவதை எழுதச் சொல்லியிருந்தாள். ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து, பெரிது பெரிதாய் வரும். ஒரு நாள் விடாமல் எழுதினாள்.

மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. எழுபத்தொன்பது. அதோடு குத்துக்கல் மாதிரி நின்றுவிட்டது.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஏழு வாரம் போய்விட்டது. ஆறு சுற்றைப் பதினொன்று ஆக்கினாள். முழங்கால் வீங்கியது. ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள், நர்ஸ் திட்டினாள். எடை மிஷின் அசைந்து கொடுக்கவில்லை.

தம்பிக்கோ உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது. ஊசி குத்திக் குத்திக் கையில் முடிச்சு முடிச்சாய் நின்றது. இருந்தாலும் வாய் மட்டும் குறையவில்லை. "என்னக்கா, நான் இறக்கி வைக்கிற எடையெல்லாம் நீ ஏத்திக்கிட்டுப் போயிடுறியா? லோடு மாத்துற மாதிரி?" என்று சிரித்தான்.

அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணி, நான் தப்பாச் சொல்லல. உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. நாங்க வேற கிட்னிக்கு லிஸ்ட்ல பேரை எழுதி வைப்போம். நாள் போய்க்கிட்டே இருக்குல்ல" என்றாள்.

"முடியும்மா, நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் கரண்டியக்கா. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முடியவில்லையா, மனசில்லையா? அன்றைக்கு வந்த அந்த நிம்மதியைக் கடவுள் பார்த்துவிட்டார், உனக்குப் பிடித்த இடத்திலேயே நில் என்று எடையை நிறுத்தி வைத்துவிட்டார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாய் வெந்துவிடும்.

எட்டாவது வாரம் நர்ஸ் நோட்டை இரண்டு தடவை புரட்டினாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க எழுதியிருக்கிறது ஒரு குழந்தை சாப்பிடுற சாப்பாடு. பதினோரு சுத்து வேற நடக்குறீங்க. இதுல எடை நிக்காது. எதையாவது விட்டுட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. கண்ணை மூடிக் கும்பிடாம நான் எதையும் சாப்பிடுறதில்ல. கும்பிட்ட ஒவ்வொண்ணையும் எழுதிடுறேன்."

நர்ஸ் தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா தெரியவில்லை. கரண்டியக்காவுக்குப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு வந்தது போல் இருந்தது. சொன்னது என்னவோ நிஜம்தான்.

அந்த வாரமே தம்பிக்காக ஒருநாள் முழுக்க வாயைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தண்ணீர் மட்டும். கத்தியிடமும் சொல்லிவைத்தாள், கட்டாயப்படுத்தித் தட்டை நீட்டக்கூடாது என்று.

பகல் பதினொன்றரை மணி இருக்கும். பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உருளைக்கிழங்கு வதங்கிக்கொண்டிருந்தது. கத்தி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏய், இன்னிக்கு வாயைக் கட்டியிருக்கேன்னு சொன்ன?"

"ஆமா."

"அப்ப இப்ப நக்குனது யாரு வாயி?"

கரண்டியக்கா குனிந்து பார்த்தாள். இடது உள்ளங்கை ஈரமாய், மஞ்சளாய் இருந்தது. நாக்கில் உப்பும் புளிப்பும் இருந்தது. பதினெட்டு வருஷப் பழக்கம், வலது கை கரண்டியால் எடுத்து இடது கையில் ஊற்றும், கை வாய்க்குப் போகும், உப்பு போதுமா என்று நாக்கு சொல்லும். இதில் அவளுக்கு வேலையே இல்லை.

முகத்தில் ஈயாடவில்லை. "எத்தனாவது தடவை?" என்றாள் மெல்ல.

"நான் வெங்காயத்தை எண்ணவா, உன் கையை எண்ணவா? விடிஞ்சதிலேருந்து இப்படித்தான் போய்க்கிட்டிருக்கு. கிழங்குல ரெண்டு துண்டும் போச்சு. நானும் சாமி உனக்கு மட்டும் தனியா லீவு குடுத்திருக்குன்னு நினைச்சேன்."

கரண்டியக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விரதம் போனதற்காக அழுதாள். அழுகை பாதியிலேயே நின்றது. வேறொன்று உறைத்துவிட்டது. இதையெல்லாம் அவள் ஒருநாளும் எழுதியதில்லை. நின்றுகொண்டு, கரண்டியும் கையுமாய், கண்ணை மூடாமல் உள்ளே தள்ளியதெல்லாம் அவள் கணக்கில் சாப்பாடே இல்லை.

மறுநாள் கத்தி அடுப்பு மேடையில் ஒரு வெறும் கிண்ணத்தை வைத்தாள். "இன்னிக்கு உன் கை அண்டாப் பக்கம் போறப்பல்லாம் நான் கத்துவேன். வாய்க்குப் போறதை இதுல ஊத்து" என்றாள். காலையில் பருப்பு, பால் சேர்த்த கஞ்சி, அப்புறம் மிதக்கிற எண்ணெயோடு குழம்பு, கிழங்கு, சாயங்காலத்துக்கு வெல்லப்பாகு. சரியாக வெந்ததா என்று பார்க்க இரண்டு பருக்கை என்று நினைத்தால், அது ஒரு கைப்பிடி. "கத்துறேன்! கத்துறேன்!" என்று கத்தி அன்றைக்கு முழுக்கக் கத்தினாள், தொண்டையே கட்டிவிட்டது. வேலை முடிந்தபோது கிண்ணம் நிறைந்து, அடுத்த கிண்ணத்திலும் பாதி இருந்தது.

ஒரு ஆள் உட்கார்ந்து இரண்டு வேளை சாப்பிடலாம்.

"பாத்தியா, வியாதி தெரிஞ்சுபோச்சு. இனி ருசி பாக்குறது என் வேலை. சிரியேன், மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்க?" என்றாள் கத்தி.

சிரிப்பு வரவில்லை. கடவுள் எடையை நிறுத்தவில்லை என்று தெரிந்துபோனது. அப்படியென்றால் நிறுத்தியது யார்? குழம்பு, கைப்பழக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு துண்டு கிழங்கு? கிழங்கு வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டு போதாதா? மனசுக்குத் தெரியாமல் கை செய்ததா, மனசுக்குத் தெரிந்தே கை செய்ததா என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. இந்த எட்டு வாரம் தம்பிக்கு இன்னும் இருபத்துநாலு தடவை ஊசி. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. கிண்ணத்துக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் மிஷின் குலுங்கச் சிரித்தான். "எட்டு வாரமா என் கிட்னியை நக்கியே தீத்துட்டியேக்கா!"

"சிரிக்காதடா. இன்னொண்ணு இருக்கு." அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "அன்னிக்கு இந்த எடையில முடியாதுன்னு டாக்டர் சொன்னப்ப... எனக்கு நிம்மதியா இருந்துச்சுடா. நீ என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற, எனக்கு நிம்மதி. பாவி நான்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் கோபப்படவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"டெஸ்ட் எடுத்த அந்த வாரம் பூரா வாசல் டீக்கடையில நீ பாதி டீயை வச்சுட்டே எந்திரிச்ச. அன்னிக்கு வெளிய வந்து முழு டீயும் குடிச்ச. டம்ளரைக் கவுத்துப் பாத்த, அடியில ஏதாச்சும் இருக்கான்னு. எனக்கு அந்த டம்ளரைப் பாக்குறப்ப வயிறு எரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன்."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"அக்கா, இப்பவும் வேணாம்னா சொல்லிடு. பேசாம நின்னுக்கிட்டு மட்டும் இருக்காத. நீ நிக்கிறதை நம்பி நான் இங்க படுத்திருக்கேன்."

அவன் சொன்னதில் கடுமை எதுவும் இல்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தர்றேன். பயந்துக்கிட்டே தர்றேன்" என்றாள்.

அதற்கப்புறம் சமையற்கட்டில் உள்ளங்கை மாறியது. கரண்டி அவள் கையில், குழம்பு கத்தியின் கையில். கத்திக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் பிடிக்கும். ஒரு மாதம் பிள்ளைகள் எல்லாம் தண்ணீராய்க் குடித்தார்கள். "கரண்டியக்கா, குழம்பைக் கடல்லேருந்தா மொண்டு வர்றீங்க?" என்று கேட்டார்கள். பதினெட்டு வருஷத்தில் அவள் கேட்காத பேச்சு. கேட்டுக்கொண்டாள். பழைய ஞாபகத்தில் இடது கை விரிந்து நீளும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கும்பிட்டு முடிப்பதற்குள் கை தானாக இறங்கிவிடும்.

எழுபத்தெட்டு. எழுபத்தேழரை. ஒரு வாரம் நின்றது, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுபடி இறங்கியது. இறங்க இறங்க இடுப்புக்கு மேலே அந்த இடம் பழையபடி சில்லென்று ஆகத் தொடங்கியது. இந்தத் தடவை அவள் அதை மறைக்கவில்லை. நடக்கும்போது சத்தமாகவே சொன்னாள். "கடவுளே, பயமா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், காலை மட்டும் நிறுத்திடாத."

கை மாறிப் பதினோராவது வாரம் எழுபத்து நாலு எண்ணூறு. நர்ஸ் கைதட்டியே விட்டாள்.

வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஒன்றும் கேட்காமல் எழுந்தான். இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனார்கள். அவன் குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு, அதனால் அவளுக்கு மட்டும் ஒரே ஒரு டீ. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் குடித்தாள். பாதியில் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவன் டம்ளரைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்கு நாள் கேக்கணும். நான் போய்க் கேட்டுட்டு வரவா?"

"நீ உக்காரு. கால் வீங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். "நானே கேக்குறேன்."