கார் ஷெட்டில் அணைந்த அடுப்பு

என் அம்மாவை வாயாடி என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன், அதனால் பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அப்போது மலைமேல் செண்பகனூரில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் பங்களாவில் அப்பா சமையல்காரர். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு. அறுபதுகளின் நடுவில் அந்தத் துரைசாணி தன் நாட்டுக்குத் திரும்பத் தீர்மானித்தாள். பங்களாவை வாங்க இருந்த குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தது. அப்பாவின் கைப்பக்குவம் பிடித்தால் அவரை வைத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் வேலையும் போகும், வீடும் போகும். அவர்களுக்கு உயிரான பண்டம் பீட்சாவாம். அந்த வாரம் பார்த்துத்தான் பங்களா அடுப்பு இடிந்து கிடந்தது.

அப்பா அசரவில்லை. தார் டிரம்மைப் பாதியாக வெட்டி, மேலே கம்பி வலை போட்டு, முற்றத்தில் கரி மூட்டினார். கேக்குக்குச் செய்வதுபோல மூடிமேலும் கங்கு போட்டால் அந்தப் பீட்சா ரொட்டி மேலேயும் வேகும் என்று அவருக்குத் தெரியும். துரைசாணி மண்ணெண்ணெய் பாட்டிலை நீட்டியபோது, "வேணாங்கம்மா, ரொட்டியில வாடை ஏறிரும்" என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். கரி சிவந்து மேலே சாம்பல் பூக்க வேண்டும், தணலுக்கு மேலே காட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். அதுதான் பதம்.

பதம் வருகிற நேரத்தில் பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வந்தது, பின்னாலேயே சாரல். கங்கு சுண்டியது. அப்பாவின் முகமும்தான்.

மலையில் குளிர் என்றால் எங்கள் கை முதலில் போவது தாழ்ப்பாளுக்கு. அப்பாவும் அதையே செய்தார். தோட்டக்காரரும் அவரும் ஈரச் சாக்கைச் சுற்றி டிரம்மைத் தூக்கி, கார் ஷெட்டுக்குள் வைத்து, ஜன்னலை அடைத்தார்கள். என்னையும் சின்னத் தம்பியையும் அங்கே உட்காரவைத்து விசிறியைக் கையில் கொடுத்தார் அப்பா.

"தணல் அமராம விசிறு. கதவத் தொறந்த, தோல உரிச்சிருவேன். மாவத் தட்டி வெரசா எடுத்துட்டு வாரேன்."

கதவு சாத்திக்கொண்டது. ஆகா, உள்ளே என்ன சுகம்! தம்பி என் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடினான். எனக்குத் தலை கனத்தது. அப்பாவின் வேலையை நான் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையில் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

கதவு படாரென்று திறந்தது. அம்மா! தம்பியைத் தோளில் போட்டாள், என்னைக் கையைப் பிடித்து மழைக்குள் இழுத்தாள். நான் உதறிக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினேன்.

"நான் வர மாட்டேன்! அப்பா வேல போயிரும்!"

முதுகில் ஒன்று வைத்தாள். வெளியே தள்ளினாள். ஒரு வாளித் தண்ணீரைத் தணலில் கொட்டினாள். புஸ்ஸென்று ஷெட் முழுக்க ஆவி. மாவுத் தட்டோடு அப்பா ஓடி வந்தார்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட!"

"கதவடச்சுக் கரிச்சட்டி வச்சு ஒரு புள்ளையப் பறிகுடுத்தது போதாதா ஒங்களுக்கு? சோலி போனாப் போகுது. இதுகளத் தர மாட்டேன்!"

வராந்தாவில் விருந்தாளிகள் விழித்தபடி நின்றார்கள். "குக், என்ன சத்தம்?" என்று துரைசாணி கேட்டாள். அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா திரும்பினாள்.

"இன்னிக்கு ரொட்டி கெடையாதும்மா. உள்ள போங்க."

அந்தப் பேச்சோடு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. போகட்டும்! நான் பிறப்பதற்கு முன்னால், அம்மாவின் ஊரில், பனிக்காலத்தில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவடைத்துத் தூங்கியதில் என் அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றது ஊர். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். கரிச்சட்டிதான் கொன்றது என்று அம்மா ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு தெரிந்த கதை. அன்றைக்கு எனக்கு இருந்தது அம்மாமேல் கொலைவெறிக் கோபம் ஒன்றுதான்.

அம்மாவின் தோளில் துவண்டு கிடந்த தம்பி மழை பட்டு முனகினான், வாந்தி எடுத்தான், பிறகு வீறிட்டு அழுதான். அப்பாவின் கையிலிருந்து தட்டு சேற்றில் விழுந்தது. அவரும் சேற்றிலேயே உட்கார்ந்து, எங்கள் இருவரையும் இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ரொட்டி போன துக்கம் என்று நினைத்தேன். அம்மாவை ஒரு முறை முறைத்துவிட்டு, அப்பாவின் கண்ணைத் துடைத்தேன்.

"அழாதீங்கப்பா. கரி இன்னும் கெடக்கு. மறுபடி பத்த வைப்போம். இந்தத் தடவ அம்மா தொறக்க முடியாதபடி உள்பக்கமாத் தாழ்ப்பாப் போட்டுக்கிறேன்."