சுண்ணாம்பு விரலும் பொங்கல் வாழ்த்தும்

வாழ்த்து அட்டை செய்து விற்பதென்றால், ஊரார் வீட்டுப் பண்டிகைக்காக நம் வீட்டில் பசை காய்ச்சுவது என்று அர்த்தம். கத்தரியும் கையுமாக உட்கார்ந்து, "சும்மாதானே இருக்கிறாய், இந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ந்து கொடு" என்ற பேச்சைத் தினமும் கேட்கிற சக கைவேலைக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் படித்தால் தலையை ஆட்டுவீர்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் ஐந்து வயதிலேயே பிடித்துவிட்டது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளையும், மிட்டாய் சுற்றிய ஜிகினாத் தாளையும், தீப்பெட்டிப் படங்களையும் விடமாட்டேன். வெட்டுவேன், ஒட்டுவேன், மடிப்பேன். இருபது வயதிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் வீட்டில் கவலை.

அப்போது யுத்த காலம். அப்பா மயிலாப்பூரில் ஒரு பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தா. ரேஷன் ஆபீஸில் பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு விண்ணப்பத் தாள் வாங்கி வந்தார். என் பெயர், வயது, படிப்பு எல்லாவற்றையும் தம்முடைய முத்து முத்தான எழுத்தில் அவரே நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் எனக்கு விட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். நான் அழுது பார்த்ததில் ஒரு வழி பிறந்தது. போகிக்குள் நான் செய்யும் அட்டைகள் எல்லாம் விற்றுப்போனால் விண்ணப்பம் போகாது. ஒன்று மிஞ்சினாலும் கையெழுத்துப் போட வேண்டும். நாளெல்லாம் அரிசியும் சர்க்கரையும் எழுதி எழுதி என் விரல்கள் செத்துப்போகும் என்று நான் உண்மையாகவே பயந்தேன். போகிக்கு இருந்த இரண்டு மாதமும் மணி பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

கறுப்புக் காகிதம்

யுத்தத்தில் வர்ணக் காகிதம் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. ஆனால் எல்லார் வீட்டிலும் கறுப்புக் காகிதம் மட்டும் தாராளமாக இருந்தது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட வாங்கியது. மிச்சத்தை எல்லாம் கேட்டு வாங்கி வந்தேன். பானை, கரும்பு, கொம்பு சீவிய மாடு என்று நிழல் மாதிரி வெட்டி வெள்ளை அட்டையில் ஒட்டி, சுற்றிலும் கறுப்பில் மெல்லிய கரை கட்டினேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

முதல் அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் பாட்டு வாத்தியார் வீட்டு மாமியிடம் ஓடினேன். என் கைவேலையைப் பார்த்தால் வாய் நிறையப் பாராட்டுகிறவர் அவர். அட்டையைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சாவுச் செய்தி கறுப்புக் கரை போட்ட தாளில்தான் வரும், வாசலில் நின்றபடி படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடுவார்கள் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். அழகைப் பார்த்த மயக்கத்தில் அது அடியோடு மறந்துபோயிற்று. மாமி என்னை நிலைப்படி தாண்ட விடவில்லை. "நீ பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கியா, இல்லே பத்தாம் நாள் காரியத்துக்கு அழைச்சுண்டு போக வந்திருக்கியாடி?" என்றார்.

மஞ்சளில் முங்கிய காகிதம்

கறுப்பு போயிற்று. இனி வெள்ளைதான். இராயப்பேட்டையில் புத்தகம் பைண்டு செய்கிற பாய் ஒருவர் இருந்தார். பேரேடுகளின் ஓரத்தை வெட்டும்போது விழுகிற கெட்டித் துண்டுகளை எனக்காக எடுத்துவைப்பார். அந்த வருஷம் முழுவதும் சேர்த்துக் கொடுத்ததில் சரியாக நூற்றிருபது அட்டை தேறியது. அதற்கு மேல் ஒரு துண்டுகூடக் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

வெள்ளையாகவே விடலாமா? சிறு வயதில் ஆரத்தித் தட்டில் மிச்சமிருந்த நீரில் காகிதத்தை நனைத்து அடி வாங்கியது ஞாபகம் வந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கிறதே, அதைக் காகிதத்தில் செய்தால் என்ன? அட்டைகளை மஞ்சள் கரைத்த நீரில் முக்கி நிழலில் உலர்த்தினேன். பிறகு சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு வரைந்தேன். தூரிகையில் பார்த்தால் வெறும் தண்ணீர். காகிதத்தில் பட்டால் குங்குமச் சிவப்பு. பானையும் இரண்டு கரும்பும் கண்ணெதிரே முளைத்து வந்தபோது சமையலறையில் தனியாக நின்று நான் கைதட்டினேன். மேலே வலது மூலையை மட்டும் வாங்குகிறவர் பெயர் எழுதிக்கொள்ளக் காலியாக விட்டேன்.

நன்றிக் கடனாக முதல் அட்டையைப் பாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார், தடவினார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். மனசுக்குப் பிடித்திருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தொழில்காரர் அல்லவா, சும்மா விடுவாரா? "முப்பது வருசமா காகிதத்தோட இருக்கேம்மா, உன் காகிதத்துலதான் முதல் தடவையா எனக்குப் பசி எடுக்குது" என்றார்.

நாயுடுவின் விரல்

எண்பது அட்டைகளைத் தியாகராய நகரில் பாண்டி பஜார்ப் பக்கம் நோட்டும் பென்சிலும் விற்கிற ஒரு நாயுடுவின் கடையில் கொடுத்துவைத்தேன். பாய்க்குக் கொடுத்தது போக மிச்சம் முப்பத்தொன்பதும் வீட்டில் இருந்தன. நாயுடு தங்கமான மனிதர். வெற்றிலை போடாமல் ஐந்து நிமிஷம் இருக்கமாட்டார் என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போகிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எவ்வளவு போயிருக்கிறதென்று பார்க்கப் போனேன். ஒன்றும் போகவில்லை. எண்பதும் அப்படியே இருந்தன. இல்லை, அப்படியே இல்லை. ஒவ்வொரு அட்டையின் வலது மூலையிலும் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. மனிதர் வந்தவர்களுக்கெல்லாம் ஆசை ஆசையாக எடுத்துக் காட்டி, இங்கேதான் பெயர் எழுத வேண்டும் என்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய அதே விரலால் தொட்டுத் தொட்டு விளக்கியிருக்கிறார். மஞ்சள் சிவந்துவிட்டது. கறைபட்ட வாழ்த்தை யார் வாங்குவார்கள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. கழுவினாலும் போகாது, புதிதாகச் செய்யக் காகிதமும் இல்லை. கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த தாள்தான் கண்முன் நின்றது. என் முகத்தைப் பார்த்து நாயுடுவுக்கும் சங்கடமாகிவிட்டது. "நான் இன்னாம்மா பண்ணுவேன், கையாலதானே காட்டணும், காலால காட்டினா மரியாதையா இருக்குமா?" என்றார்.

பத்திரத்துக்குச் செல்லாது

அட்டைக் கட்டோடு வீட்டுக்கு வந்து மேஜைமேல் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆபீஸிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். நல்லவேளையாகக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அட்டையை எடுத்தார்.

அப்பாவின் உத்தியோகத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரம் பதிய வந்தால், அவர்கள் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் உருட்டிக் கைநாட்டு வாங்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பட்டணத்து விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அவர் அந்தக் கறையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "இது ஆள்காட்டி விரலும்மா, அதுவும் உருட்டாமல் வைத்தது, பத்திரத்துக்குச் செல்லாது" என்றார்.

சூரியன் உதித்தது

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. கீழே பானை, பக்கத்தில் கரும்பு, மேலே வலது மூலையில் சிவப்பாக, உருண்டையாக ஒன்று. பொங்கல் வாழ்த்தில் சூரியனைப் போடாமல் விட்டிருந்தேனே, நான் எவ்வளவு பெரிய அசடு! தூரிகையை எடுத்துக் கறையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கதிர்கள் போட்டேன். விரல் ரேகை உள்ளே சுழி சுழியாகத் தெரிய, சூரியன் தகதகவென்று இருந்தான். மறுநாள் சாயங்காலத்துக்குள் எண்பது சூரியனும் உதித்தாயிற்று.

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்த இரண்டாம் நாளே பாதிக்கு மேல் போய்விட்டது. வாங்கிய ஓர் அம்மாள் படம் பிரமாதமாக இருக்கிறதே, யார் போட்டது என்று நான் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார். நாயுடு வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு பெருமையாக நிமிர்ந்தார். "சூரியன் நம்ம வேலைம்மா, சட்டிப் பானையெல்லாம் அந்தப் பொண்ணு போட்டுது" என்றார்.

அஞ்சலையின் கடிதம்

நொச்சிக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அஞ்சலை. அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் எங்கேயோ இருந்தான். அவனுக்குக் கடிதம் எழுதக் குப்பத்தில் யாரையாவது பிடிப்பாள். எழுதுகிறவர் தம் மனசில் தோன்றியதை எழுதிவிடுகிறார், அது தன் பேச்சாகவே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள். நான் கதிர் போட்டுக்கொண்டிருந்த அன்று எங்கள் வாசலில் கூடையை இறக்கியவள் உலர்ந்துகொண்டிருந்த அட்டைகளைக் கண்டு, சூரியனுக்குள்ளே இருக்கிற விரல் யாருடையது என்று விசாரித்தாள். நாயுடு கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, விரல் படாத அட்டை ஒன்று வேண்டும் என்றாள்.

வீட்டில் இருந்ததில் ஒன்றை எடுத்துவைத்து, அவள் விரலில் சுண்ணாம்பு நீரைத் தடவினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் அழுத்தினாள். மீன் அறுத்த தழும்புகூட அச்சாக விழுந்தது. சுற்றிக் கதிர் போட்டுக் கொடுத்தேன். பொங்கலுக்குள் போய்ச் சேராதே அஞ்சலை என்றேன். எப்போது சேர்ந்தாலும் சரி என்றாள். வாழ்த்து என்று என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். "எழுத்து ஆருதோ, ஆனா இந்த வெரலு எம்புள்ளைக்குத் தெரியும் கண்ணு, இதப் புடிச்சிக்கினுதான் அவன் கடலாண்ட நடை பழகினான்" என்றாள். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு அட்டையை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்தேன்.

வரிசையாக நில்லுங்கள்

அஞ்சலை கூடையோடு சேர்த்து அந்தக் கதையையும் தெருத் தெருவாகச் சுமந்துபோனாள் போலிருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யுத்தத்துக்குப் பயந்து ஊருக்குப் போனவர்களின் உறவுக்காரர்கள், மகளை வடக்கே கட்டிக் கொடுத்தவர்கள், குழந்தையின் விரலை மாமாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறவர்கள். எல்லாருக்கும் சொந்த விரலில் சூரியன் வேண்டும். நான் தடவிவிட்டால் சிலருக்கு வழிந்துவிடும். இரண்டு பேர் வரைக்கும் அப்பா ஈஸிசேரில் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது ஆளுக்கு எழுந்து வந்து என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விரலைத் தளர்த்துங்கள், நீங்கள் அழுத்த வேண்டாம், நான் உருட்டிக்கொள்கிறேன் என்று ஆபீஸ் குரலில் அவர் சொன்னதும் கூட்டம் தானாகவே வரிசையில் நின்றது. கறுப்பு மை தொட்டுத் தலைகுனிந்து போகிறவர்களையே பார்த்துப் பழகிய அப்பா, சிரித்துக்கொண்டே விரல் நீட்டுகிறவர்களை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் முகமே வேறாக இருந்தது.

கடையிலிருந்த எண்பதும் விற்றுத் தீர்ந்துவிட்டன. வீட்டில் இருந்த கடைசி அட்டை பாட்டு வாத்தியார் வீட்டு மாமிக்குப் போயிற்று. டில்லியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பத் தம் வீட்டுக்காரரையே இழுத்துக்கொண்டு வந்திருந்தார். மாமாவோ, கையெழுத்துத்தான் போடுவேன் என்று கொஞ்சம் முரண்டு பிடித்தார். கடைசியில் அப்பாவிடம் விரலைக் கொடுத்துவிட்டார். மாமி என் கன்னத்தைக் கிள்ளினார். "எங்காத்து மாமாவையே கைநாட்டு வைக்கப் பண்ணிட்டே, இனிமே நீ ஜன்னல் காகிதத்துல பண்ணினாலும் வாங்கிக்கறேன்" என்றார்.

போகி

இருட்டில் நெருப்பு தெரியக் கூடாதென்று யுத்தக் கட்டுப்பாடு இருந்ததால், போகியன்று விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் தெருவில் நெருப்பு மூட்டினார்கள். பழைய பாய், உடைந்த முறம் எல்லாம் போட்டாயிற்று. அப்பா உள்ளே போய்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்து வந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நெருப்பை நோக்கிக் கையை நீட்டினார். இரண்டு மாதமாக நான் காத்திருந்த நிமிஷம் அது.

ஆனால் தாள் காற்றில் திரும்பியபோது அதன் பின்பக்கம் தெரிந்தது. பால் மாதிரி வெள்ளை. எழுத்தே இல்லை. நல்ல கெட்டிக் காகிதம். நான் பாய்ந்து அதை அப்பா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். மடித்து ஒட்டினால் இரண்டு அட்டை தாராளமாக வரும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அப்பா நெருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒரு தாளுக்கு இந்தப் பாடு படுகிற உன்னை ரேஷன் ஆபீஸுக்கு அனுப்பாமல் விட்டேனே, நஷ்டம் சர்க்காருக்குத்தான்" என்றார்.

பதினைந்து வருஷம் கத்தரியும் கையுமாக நான் பழகிய வித்தைக்கெல்லாம் கிடைக்காத பெயரை, கை கழுவாத ஒரு கடைக்காரர் ஒரே வாரத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார்.